பத்த வெச்ச அருணாக்கொடி

அம்மிணி, சித்த அக்கட்ட நகந்துக்கறீங்களா? இந்தக் கூடையக் கீழ வெக்க முடியாது, மடியிலதான் வெச்சுக்கோணும். ஆங், போதும் போதும். நீங்க சௌரியமா உக்காருங்க, எனக்கு ஒரு ஓரம் இருந்தாப் போதும்.

ஈரோட்டுக்கா போறீங்க? நான் திருச்செங்கோட்டுலயே எறங்கிருவேன். தேர் வீதிப் பக்கம் நகை ஆசாரி கடைக்குப் போகோணும். மத்தியானம் கடையச் சாத்திட்டுச் சோத்துக்குப் போயிருவாரு, அதுக்குள்ள போய்ச் சேரோணும். இந்த டிரைவர் என்னடான்னா மாட்டு வண்டி ஓட்டறாப்பல ஓட்டறான்.

அது ஸ்கேன் கவருதானுங்க? பெருசா இருக்குதே, கண்டதும் தெரிஞ்சுக்கிட்டேன். ஆருக்கு? மாமியாருக்கா? முட்டியா? அட, முட்டிதானே. முட்டிக்கெல்லாம் பயப்படாதீங்க. எங்கூட்டுலயும் இந்த மாதிரி ஒரு கவரு இருக்குது, பீரோவுக்கு மேல போட்டு வெச்சிருக்கறேன். எங்கூட்டுக்காரரோடது. அதுல முட்டி இல்லீங்க. முதுகுத்தண்டு, இடுப்பெலும்பு, தொடையெலும்பு எல்லாம் இருக்குது. வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாத்தா, சுண்ணாம்பு தெளிச்சாப்பல அங்கங்க வெள்ளை வெள்ளையாத் தெரியும். அத்தனையும் புத்துநோயின்னு சொல்லிட்டாங்க.

மொகத்தத் திருப்பிக்காதீங்க அம்மிணி. அது ஒட்டற நோயி இல்ல. எங்க ஊர்லயும் இப்படித்தான், நான் வந்தா எந்திரிச்சுப் போறாளுக. பால் ஊத்தற எடத்துல கூட எனக்குன்னு ஒரு தூரம் உட்டு நிக்கறாளுக. போகட்டும். நீங்களாவது கேளுங்க, செங்கோடு வர்ற வரைக்கும்.

எங்கூட்டுக்காரரு போர் வண்டியில, அதுதான் ஆழ்துளைக் கெணறு போடற வண்டியில, டிரில்லரா இருந்தவரு. எங்க பக்கம் ஊட்டுக்கு ஒரு ஆம்பளை போர் வண்டிக்குப் போயிருப்பான், உங்களுக்கே தெரியும். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான்னு வடக்க போனாங்கன்னா மழைக்குத்தான் ஊருக்குத் திரும்புவாங்க. கல்யாணம் பண்ணிப் பாதி ஆயுசு அவரு வண்டியில, நான் ஊட்டுல. கடைசியா வண்டிய உட்டு எறங்கி ஊட்டோட வந்து உக்காந்தாரு. இனியாவது ரண்டு பேரும் ஒட்டுக்கா உக்காந்து சோறு திங்கலாம்னு நெனச்சேன். அப்பத்தான் இந்தக் கெரகம் வந்து சேந்துது.

மொதல்ல ஒண்ணுக்குத்தான் தொந்தரவு. போயிட்டு வந்து உக்காருவாரு, மறுக்கா எந்திரிப்பாரு. கல்யாணத்துக்குப் போனாப் பந்தியில உக்காராம கொல்லைப்பக்கம் எங்க இருக்குதுன்னு தேடுவாரு. நான் வைஞ்சுக்கிட்டே இருப்பேன். "ஊரு ஊராப் போய்ப் போரு போட்ட மனுசன், உங்க போருக்கு ஒரு மூடி போட முடியலயா"ன்னு கேப்பேன். சிரிப்பாரு. அப்பெல்லாம் நல்லாச் சிரிப்பாரு.

எம்பட மவ தாரணி கோயமுத்தூர்ல கம்பெனி வேலையில இருக்கறா. ஒரே புள்ளை. ஒருக்கா ஊருக்கு வந்தவ, அப்பன் எந்திரிச்சு எந்திரிச்சுப் போறதைப் பாத்துட்டு, கையோட கூட்டிட்டுப் போயி ரத்தம் டெஸ்ட் பண்ணுனா. ரத்தத்துல பி.எஸ்.ஏ.ன்னு என்னமோ ஒரு அளவு இருக்குதாமா, அது கன்னாபின்னான்னு ஏறிக் கெடக்குதுன்னா. ஆம்பளைங்களுக்கு மட்டும் மூத்திரப்பைக்குக் கீழ ஒரு சுரப்பி இருக்குதாமா. புராஸ்டேட்டுன்னு பேரு. இத்தனை வருசம் குடும்பம் நடத்தி, அப்படி ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது பாத்துக்குங்க. அவருக்கும் தெரியாது.

கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. டாக்டரு எளந்தாரிதான், ஆனா பொறுமையாப் பேசுனாரு. "ஐயா என்ன வேலை பாத்தீங்க"ன்னு கேட்டாரு. போர் வண்டின்னு சொன்னதும், "அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம்"னாரு.

"இதுல ரண்டு வழி இருக்குதுங்க ஐயா. ஒண்ணு, நேரா ஊசிய உட்டு அங்கொண்ணு இங்கொண்ணாச் சதையக் கிள்ளி எடுத்துப் பாக்கறது. புத்து இருக்கற எடத்துல ஊசி பட்டா ஆச்சு. படலைன்னா, இருந்தும் இல்லைன்னு வந்துரும். இன்னொண்ணு, முன்னாடியே எம்.ஆர்.ஐ. படம் எடுத்துச் சந்தேகமான எடம் எதுன்னு குறிச்சுக்கிட்டு, அந்தப் படத்தை வெச்சு ஊசிய அந்த எடத்துக்கே கொண்டு போறது. உங்களுக்கு ரண்டாவதுதான் பண்ணோணும்"னாரு.

எங்கூட்டுக்காரரு தலைய ஆட்டுனாரு. "அதாவது, தண்ணி இருக்கற பாயிண்ட் பாத்துட்டுப் போர் ஓட்டறது ஒண்ணு, பாக்காம ஓட்டறது ஒண்ணு."

"அதேதாங்க."

"பாத்துட்டே ஓட்டிரலாங்க டாக்டர். பாக்காம ஓட்டித் தண்ணி வராம வெறும் புழுதி கெளப்புன காடு தோட்டம் நெறையப் பாத்துட்டேன்."

டாக்டரு சிரிச்சாரு, தாரணி சிரிச்சா. நானும் சிரிச்சேன். இருந்தாலும் ஆரம்பத்துலயே புடிச்சா முழுசாக் குணப்படுத்திரலாம்னு டாக்டரு சொன்னது நல்லாக் காதுல உழுந்துது. அது இன்னைக்கும் காதுலயே இருக்குது.

படம் எடுக்கற எடம் தரைக்கும் கீழ. படி எறங்கிப் போகோணும். ஜில்லுன்னு இருந்துது, சேலைய இழுத்துப் போத்திக்கிட்டேன். "அர்த்தனாரி, யாருங்க அர்த்தனாரி"ன்னு கூப்புட்டாங்க. அவரு பேருதான், நான் சொல்லக் கூடாது, கூப்புட்டதைச் சொன்னேன். அங்க ஒரு தம்பி இருந்தான். வாட்சு, மோதிரம், பெல்ட்டு எல்லாம் கழட்டி வாங்கிட்டு நீலத்துல ஒரு அங்கியக் குடுத்துப் போட்டுக்கச் சொன்னான். அது காந்த மிஷினாமா, உள்ள இரும்பு, பித்தளை, வெள்ளி எதுவும் போகக் கூடாதாமா. அப்பறம் அவரு இடுப்பைத் தடவிப் பாத்தான். "இது என்னங்க உள்ள"ன்னான்.

அருணாக்கொடி. வேறென்ன இருக்கும்.

நீங்க இந்தக் காலத்துப் புள்ளை, இருந்தாலும் தெரிஞ்சிருக்கும். ஆம்பளை இடுப்பு வெறுமையா இருக்கக் கூடாது. பொறந்த கொழந்தைக்குக் கட்டறது, பொணத்தைக் குளிப்பாட்டறப்பத்தான் அறுக்கறது. நடுவுல அறுந்துச்சுன்னாக் கூட, புதுசக் கட்டிட்டுத்தான் பழசை எடுப்பாங்க. ஆனா எங்கூட்டுக்காரரு கொடி அந்த மாதிரி இல்லீங்க. அது வேற.

அவருக்கு ஒரு அண்ணன் இருந்தாரு. நான் கல்யாணமாகி வர்றதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாரு. அவரும் போர் வண்டிதான். கொக்கி நெகிழ்ந்துருச்சுன்னு வெள்ளிக் கொடியக் கழட்டி ஊட்டு மாடத்துல வெச்சுட்டு, வந்து பாத்துக்கலாம்னு வடக்க போனாரு. வண்டி பள்ளத்துல கவுந்து பொணமாத்தான் வந்தாரு. குளிப்பாட்டறப்ப அறுக்கறதுக்குக் கூட இடுப்புல ஒண்ணும் இல்லியாமா. அந்த வெறும் இடுப்பைப் பாத்துட்டுத்தான் எங்க மாமியா அழுதுதாம்.

அப்பறம் அது என்ன பண்ணுச்சு தெரியுமா? சின்ன மவனுக்கு, அதுதான் எங்கூட்டுக்காரருக்கு, கனமா ஒரு வெள்ளிக் கொடி செஞ்சு, ஆசாரிய ஊட்டுக்கே வரவெச்சு, இடுப்புல மாட்டி, ஈரச்சாக்கைச் சுத்திக்கிட்டுக் கொக்கியப் பத்த வெச்சுருச்சு. இடுப்புலயே வெச்சு. அந்தச் சூடு பட்ட வடு இன்னும் இருக்குதுங்க, நான் பாத்திருக்கறேன். கழட்டவே முடியாது. அறுத்தாத்தான் உண்டு. மாமியா சாகறப்ப எம்பட கையப் புடிச்சுக்கிட்டு, "பாவாயி, அவன் உசுரோட இருக்கற வரைக்கும் அதை எவனையும் தொட உடாதே"ன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடுச்சு. மாமியாளும் மருமவளும் ஒரு நாளும் ஒத்துப் போனதில்ல. ஆனா அந்த ஒரு பேச்சை மட்டும் நான் தட்டல.

இதையெல்லாம் அந்தத் தம்பிக்குச் சொன்னேனுங்க. நின்னு கேட்டான். கேட்டுட்டு, "அம்மா, ஒரே ஒரு கண்ணியத்தான் வெட்டப் போறேன். வெளிய வந்ததும் நீங்க மறுபடி பத்த வெச்சுக்கலாம். வேணும்னா மொதல்ல ஒரு கறுப்புக் கயிறைக் கட்டி உட்டுருங்க, இடுப்பு வெறுமையா இருக்காது. இங்க வர்றவங்க நெறையப் பேரு அப்படித்தான் பண்றாங்க"ன்னான். மேசை டிராயருக்குள்ள கறுப்புக் கயிறே ஒரு உருண்டை வாங்கி வெச்சிருந்தான். ஒரு கையில கயிறு, ஒரு கையில கட்டிங் பிளேயரு.

அந்தப் பிளேயரைப் பாத்ததும் எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியலீங்க. பொணத்தைக் குளிப்பாட்டற எடம் மாதிரியே இருந்துது. அவரு அந்த நீல அங்கியத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. "அறுங்க தம்பி. அவ அப்படித்தான் கத்துவா, நீங்க அறுங்க"ன்னாரு.

நான் நடுவுல போய் நின்னேன். "ஆம்பளைக்குக் கொடிய எங்க அறுப்பாங்கன்னு உனக்குத் தெரியுமாடா"ன்னு கேட்டேன். "அறுக்கறதுன்னா இதையும் சேத்து அறு"ன்னு கழுத்துல இருந்த தாலிய வெளிய எடுத்து நீட்டுனேன். அந்தப் பையன் மெரண்டு போயிட்டான். வெளிய உக்காந்திருந்த சனமெல்லாம் எட்டிப் பாக்குது. தாரணி என்ற காலைப் புடிச்சுட்டா. "அம்மா, அம்மா, ஒரு நிமிசம்மா, ஒரு கண்ணிம்மா"ன்னு அழுவறா. பெத்த தாயி காலைப் பெத்த புள்ளை புடிக்கறா, அத்தனை பேரு முன்னாடி. எனக்கு அவமானமாப் போச்சு.

எங்கூட்டுக்காரரு அங்கியக் கீழ உட்டுட்டாரு. "சரி உடு பாவாயி, போலாம்"னாரு. கோபமே இல்லீங்க அவரு மொகத்துல. தண்ணி வராம போரு பெயிலாச்சுன்னா காட்டுக்காரனை ஒரு பார்வை பாப்பாங்க பாருங்க, அந்த மாதிரி என்னையப் பாத்தாரு. சட்டையப் போட்டுக்கிட்டுப் படியேறி வந்துட்டோம்.

டாக்டரு அதுக்கப்பறம் தாரணிகிட்டத்தான் பேசுனாரு. நான் பக்கத்துலயே உக்காந்திருக்கறேன், என்னைய ஒருக்காக் கூடப் பாக்கல. படிச்சவங்களுக்கு அவ்வளவுதான் மரியாதை. "சாதா ஊசியே போட்டுப் பாக்கறேன். ஆனா இல்லைன்னு வந்தாலும் இல்லைன்னு நெனச்சுக்காதீங்க. மூணு மாசத்துல மறுபடி ரத்தம் பாக்கோணும். அளவு ஏறிக்கிட்டே போச்சுன்னா அப்பவாவது படம் எடுத்தே ஆகோணும்"னாரு.

ஊசி போட்டாங்க. எங்க போட்டாங்கன்னு கேக்காதீங்க, அதைப் பஸ்ஸுல சொல்ல முடியாது. ஒரு வாரம் அவரு சரியா உக்கார முடியல. அப்பறம் தாரணி போன் பண்ணுனா. எடுத்த சதையில ஒண்ணுமே இல்லைன்னு வந்திருக்குதுன்னா.

ஒண்ணுமே இல்ல. கேட்டீங்களா? ஒண்ணுமே இல்லைன்னு அவங்க வாயாலயே சொன்னாங்க.

எனக்கு எப்படி இருந்துதுன்னு சொன்னா உங்களுக்குப் புரியாது. அன்னைக்கே குளிச்சுட்டுச் செங்கோட்டு மலையேறுனேன். அத்தனை படியும் வெறுங்காலோட. எங்க மாமியா போட்டோவுக்கு மாலை வாங்கிப் போட்டேன், அது இருந்தவரைக்கும் நான் ஒரு முழம் பூ வாங்கிக் குடுத்ததில்ல. ஊரெல்லாம் பொங்கல் வெச்சுக் குடுத்தேன். தாரணிக்குப் போன் பண்ணி, "பாத்தியாடி? நீயும் உன்ற டாக்டரும் அறுத்திருந்தீங்கன்னா என்ன ஆயிருக்கும்"னு கேட்டேன். அவ போனை வெச்சுட்டா.

அவருக்குத்தான் சந்தோசமே இல்ல. பொங்கல ஒரு வாய் தின்னுட்டுத் தட்டை வெச்சுட்டாரு. "ஒரு போருல தண்ணி வரலைன்னா காட்டுலயே தண்ணி இல்லைன்னு ஆயிருமா பாவாயி"ன்னாரு. எனக்குன்னா வந்துதே கோவம். "நல்ல நாளும் அதுவுமா வாயைக் கழுவுங்க"ன்னு சத்தம் போட்டேன். எந்திரிச்சு ஒண்ணுக்குப் போயிட்டாரு.

மூணு மாசம் கழிச்சு ரத்தம் பாக்கோணும்னு தாரணி போன் மேல போன். நல்லா இருக்கற மனுசனை எதுக்கு ஆஸ்பத்திரிக்கு இழுக்கறது? போனா மறுக்கா அந்தப் பிளேயரைத்தான் எடுப்பாங்க. அறுவடை முடியட்டும்பேன். மாரியம்மன் நோம்பி முடியட்டும்பேன். நோம்பி முடிஞ்சா இன்னொண்ணு வந்துரும், ஊர்ல நோம்பிக்கா பஞ்சம்? அவரா? போலாம்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. அவரு வாயத் தொறந்து கேட்டிருந்தா நான் என்ன தடுக்கவா போறேன்? சொல்லுங்க.

ஒரு வருசத்துக்கு மேல நல்லாத்தானுங்க போச்சு. அப்பறம் முதுகு வலின்னாரு. போர் வண்டிக்காரங்களுக்கு முதுகு வலிக்காம வேறென்ன வலிக்கும்? அத்தனை வருசம் அந்த அதுர்ற மிஷினு பக்கத்துல நின்ன ஒடம்பு. எண்ணெய் காச்சித் தேச்சு உட்டேன். மூலிகைப் பத்துப் போட்டேன். புத்தூர்க் கட்டு கட்டறவரைக் கூட்டியாந்து கட்டுப் போட வெச்சேன். ஒரு நாள் காலையில கட்டில்ல இருந்து எந்திரிக்கறேன்னு காலக் கீழ வெச்சவரு, அப்படியே உக்காந்துட்டாரு. காலுல உசுரே இல்லைன்னாரு.

சேலத்துக்குத் தூக்கிட்டுப் போனோம். அங்க வேற மிஷினு. "அருணாக்கொடி இருக்குது, பத்த வெச்சது"ன்னு நான் முன்னாடியே சொல்லிட்டேன். "இந்தப் படத்துக்குப் பரவால்ல, இருக்கட்டும்"னுட்டாங்க. பாருங்க, அந்த மிஷினுக்கு இருந்தாப் பரவால்லியாமா. அப்ப கோயமுத்தூர் மிஷினுக்கு மட்டும் என்ன கேடு? அதை நான் அன்னைக்கே அங்க இருந்த டாக்டர்கிட்டக் கேட்டேன். அதை உட்டுட்டு அவரு பழைய ஊசி போட்ட விவரத்தைக் கேட்டாரு. புத்து அந்தச் சுரப்பியோட முன்பக்கத்துல இருந்து ஆரம்பிச்சிருக்குதாம். படம் பாக்காம ஊசி போட்டா அந்தப் பக்கம் எட்டறது கஷ்டமாமா. படம் பாத்துப் போட்டிருந்தா மாட்டியிருக்கும்னாரு. இப்ப எலும்புக்கெல்லாம் போயிருச்சுன்னாரு.

"இப்ப அந்தப் படத்தை எடுத்துருங்க"ன்னேன். "இனி எடுத்து என்னங்கம்மா பண்றது"ன்னாரு. அவரு வையல, கத்தல. அதுதான் எனக்கு ரொம்ப பயமாப் போச்சு.

இப்ப ஒரு ஊசி போடறாங்க, அது புத்தைக் கொல்லறதுக்கு இல்ல, வேகத்தைக் கொறைக்கறதுக்காமா. அப்பறம் வலிக்கு மாத்திரை. குணமாகும்னு ஒருத்தரு வாயில இருந்தும் ஒரு வார்த்தை வரமாட்டேங்குது. நானும் கேட்டுக் கேட்டுப் பாத்துட்டேன். நர்ஸு புள்ளைங்க கூட "நல்லாப் பாத்துக்குங்கம்மா"ன்னுதான் சொல்லறாங்க.

தாரணியா? அவ என்கூடப் பேசறதில்லீங்க. வருவா, அப்பன் பக்கத்துல உக்காந்திருப்பா, காலப் புடிச்சு உடுவா, போயிருவா. எம்பட கையில சோறு வாங்கித் திங்கறதில்ல. சேலத்துல டாக்டரு சொன்ன அன்னைக்கு வராந்தாவுல நின்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா. "கொடியக் காப்பாத்திட்டம்மா"ன்னா. அதோட சரி. இன்னைக்கு வரைக்கும் பேச்சில்ல.

ஆமா, காப்பாத்தித்தான் வெச்சிருக்கறேன். மாமியாளுக்குக் குடுத்த வாக்கு. அதுல என்னங்க தப்பு? எனக்கு அவ மேல வருத்தம்தான். பெத்தவளை இப்படியா ஒதுக்கறது? நான் என்ன அவரு கெட்டுப் போகோணும்னா நெனச்சேன்? அவரு என்னைய உட்டுட்டுப் போயிரக் கூடாதுன்னுதான் அங்க நின்னேன். வேற எதுக்கு நின்னேன்? சொல்லுங்க அம்மிணி.

இருங்க, கண்ணைத் தொடச்சுக்கறேன். காத்து மொகத்துல அடிக்குது, ஜன்னலைச் சாத்துங்க.

இந்தக் கூடையில என்ன இருக்குதுன்னு கேக்கவே இல்லியே நீங்க. இந்த மஞ்சத் துணிக்குள்ள பாருங்க. இதுதான். எடுத்துப் பாருங்க, பரவால்ல. பத்த வெச்ச எடம் தெரியுதா? வடு மாதிரி இருக்குது பாருங்க, இந்தக் கண்ணியில. அறுக்கலீங்க. ஒரு கண்ணி உடையல.

நேத்துக் காலையில வாசல்ல பிளாஸ்டிக் சேரைப் போட்டு அவருக்கு வெந்தண்ணி ஊத்தி உட்டுக்கிட்டிருந்தேன். முன்னெல்லாம் எப்படி இருப்பாருங்கறீங்க, வாட்டசாட்டமா. இந்தக் கொடி தொப்பையில புதைஞ்சு கெடக்கும், வெரலை உட்டுத்தான் அழுக்கெடுக்கோணும். ஊசி போட ஆரம்பிச்சப்பறம் காலுல கொஞ்சம் உசுரு வந்திருக்குது, நேத்து சுவத்தைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னாரு. சரசரன்னு ஒரு சத்தம். பாத்தா, கொடி இடுப்பெலும்பைத் தாண்டித் தொடையில எறங்கி, முட்டியில ஒரு நிமிசம் நின்னு, காலடியில உழுந்து கெடக்குது. பத்த வெச்சது பத்த வெச்சபடியே.

 அப்படியே சொம்போட நிக்கறேன். அவரு குனிஞ்சு எடுக்க முடியாது. கால் வெரலால அதை எம்பட பக்கம் தள்ளி உட்டாரு. "இந்தா பாவாயி, இப்ப வேணும்னா அந்தத் தம்பியப் படம் எடுக்கச் சொல்லு"ன்னாரு.

சொல்லிட்டுச் சிரிச்சாருங்க. எத்தனை நாளாச்சு அவரு சிரிச்சு. சிரிக்கறாருன்னா ஒடம்பு தேறுதுன்னுதானுங்க அர்த்தம்? நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

உடனே ஓடிப் போயி பூசை மாடத்துல இருந்து கறுப்புக் கயிறு எடுத்தாந்து இடுப்புல கட்டி உட்டேன். வெறும் இடுப்பா உட முடியுமா? கொடிக்கு அளவு கொறைச்சு மறுக்கா மாட்டற வரைக்கும் அது இருக்கட்டும். இடுப்புல என்னமோ ஒண்ணு இருந்தாச் சரி.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க?

என்ன நெனைக்கறீங்கன்னு தெரியுது. அன்னைக்கும் அந்தத் தம்பி கறுப்புக் கயிறைத்தான் நீட்டுனான்னு நெனைக்கறீங்க. அது வேறங்க. அது அறுக்கறது. இது தானாக் கழண்டு உழுந்தது. ஆசாரியும் வெட்டித்தான் கொறைப்பாருன்னா, வெட்டட்டும். அவரு இடுப்புல இல்லாதப்ப வெட்டுனா என்ன குத்தம்? கீழ கெடந்தா அது வெறும் வெள்ளிதானே.

வெறும் வெள்ளிதான்.

இந்தப் பக்கம் எல்லாம் புதுசு புதுசாக் கடை கட்டிட்டாங்க, எடமே தெரியமாட்டேங்குது. காலேஜ் தாண்டிட்டமா? சரி, இன்னும் ரண்டு ஸ்டாப்புதான்.

பயமா இருக்குது அம்மிணி. ஆருகிட்டயும் சொன்னதில்ல. ஊட்டுல அவருகிட்டச் சொல்ல முடியுமா? மவ பேசமாட்டேங்கறா. தூங்கறப்பக் கூட அவரு இடுப்புல கையை வெச்சுக்கிட்டுத்தான் படுக்கறேன். கொடி இருக்குதான்னு பாக்கறதுக்கு. இப்ப கயிறு இருக்குதான்னு பாக்கறேன். எலும்புதான் கையில தட்டுப்படுது.

இந்த நூலைப் பாருங்க. இதுதான் அளவு, இந்த முடிச்சு வரைக்கும். நேத்து சாயங்காலம் இடுப்பைச் சுத்தி வெச்சு அளந்தேன். முடிச்சுப் போடறப்ப எம்பட கையப் புடிச்சுக்கிட்டாரு. "பாவாயி, இந்தத் தடவை பத்த வெக்க வேண்டாம். கொக்கி போடச் சொல்லு"ன்னாரு.

"ஏனுங்க"ன்னேன்.

"கடைசியில என்னையக் குளிப்பாட்டறப்ப எவனோ ஒருத்தன் பிளேயரைத் தூக்கிக்கிட்டு வருவான். நீ நடுவுல போய் நின்னு அவனோடவும் சண்டை போடுவே. கொக்கின்னா நீயே கழட்டிரலாம்"னாரு.

 நூலைச் சுருட்டி எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன்.

எறங்கோணும், கூடைய இப்படிக் குடுங்க. அந்தத் துணியச் சுத்தி உள்ள வெச்சுருங்க. ஊட்டுல இருந்து பொறப்படறப்ப, அவரு என்ன வேணாச் சொல்லட்டும், ஆசாரிய ஊட்டுக்கே வரச் சொல்லிப் பழையபடி இடுப்புலயே பத்த வெச்சுரோணும்னுதான் பொறப்பட்டேன். மாமியா அப்படித்தான் பண்ணுச்சு. இவ்வளவு தூரம் வர்றதுக்குள்ள என்னமோ மனசு ஒரு நெலையில நிக்கமாட்டேங்குது. ஆசாரிகிட்டப் போய் நின்னதும் கேப்பாரு, என்னம்மா பண்ணோணும்னு.

நீங்க சொல்லுங்க அம்மிணி. கொக்கியே போடச் சொல்லிரட்டுங்களா?